கண்ணாடியில் தெரிவது யார்?



நம் பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் பள்ளியறையில் சிலை கிடையாது, கண்ணாடிதான் இருக்கிறது. அதன்முன் நின்று வணங்கும்போது தெரிவது நம் உருவம். அய்யா உனக்குள்ளே இருக்கிறார் என்பதே அதன் பொருள்.

அங்கே கைகூப்பிய பிள்ளை, வீட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் முகம் வாடுகிறது. "நான் கறுப்பு, நான் குண்டு" என்று போட்டோவுக்கு நிற்க மறுக்கிறது. வெளுப்பாக்கும் கிரீமைத் தேடுகிறது. இந்த வாட்டத்தை விதைத்தது யார்? "கறுப்பி", "குண்டா" என்று விளையாட்டாகக் கூப்பிடும் நம் வாய்தானே! பெண் பார்க்கப் போனாலும் முதலில் நிறத்தையல்லவா கேட்கிறோம்!

திருவிதாங்கூர் ஆட்சியில் நம் முன்னோரை உடம்பை வைத்தே தாழ்த்தினார்கள். பெண்கள் தோள்சேலை அணியக்கூடாது. ஆண்கள் தலைப்பாகை கட்டக்கூடாது. தோள்சேலைக்கு அரசாணை வந்தது 1859இல். அய்யா வைகுண்டம் சென்றதோ 1851இல். அரசு இரங்கும்வரை அய்யா காத்திருக்கவில்லை. தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நின்று வணங்கச் சொன்னார். அன்று அடுத்தவர் செய்த இழிவை இன்று நாமே நம் பிள்ளைகளுக்குச் செய்யலாமா?

இன்றுமுதல் வீட்டில் யாரையும் நிறம், பருமன் சொல்லி அழைக்க வேண்டாம். பிள்ளைகளே, நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டு கண்ணாடியைப் பாருங்கள். பதியில் வணங்கிய அதே உருவம்தான் வீட்டிலும் தெரிகிறது. அதைப் பழிக்காதீர்கள்.

அய்யா உண்டு!