தன்னிச்சை

கல்யாணமான மே மாதம் கொடைக்கானல் போனோம். அறை பதிவு செய்யவில்லை. எல்லாம் தீர்மானித்துக்கொண்டு கிளம்புவது பயணமே இல்லை என்பது அப்போது என் கட்சி. ஸீஸன்; விடுதிக்கு விடுதி கையை விரித்தார்கள். நான் அலைந்த மூன்று மணி நேரமும் அவள் பஸ் ஸ்டாண்டில் பெட்டிகளுடன் உட்கார்ந்திருந்தாள், 7,000 அடி உயரக் குளிரில், நூல் புடவையில். எனக்குச் சாகசம், அவளுக்குக் காத்திருப்பு. தன்னிச்சை என்ற சொல்லில் 'தன்' இருக்கிறது. 'நம்' இல்லை.

2024 மே 7 முதல், உயர்நீதிமன்ற உத்தரவுப்படி, வண்டியில் வரும் வெளியூர்க்காரர்களுக்கு அங்கே இ-பாஸ் வேண்டும். மலையே முன்பதிவு கேட்கிறது. சுதந்திரம் போயிற்று என்கிறார் நண்பர். யாருடைய சுதந்திரம்? நான் ஒருவனாகவே முடிவு செய்து அறை பதிவு செய்திருந்தாலும் இதே கதைதான். அவளைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவளும் இதுவரை அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றிப் பேசியதில்லை.