நடுவில் வந்து சேர்ந்தவர்கள்

1938 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு அமெரிக்க வீடுகளில் மிக அதிகம் பேர் கேட்டது எட்கர் பெர்கனின் பல்சுவை நிகழ்ச்சியைத்தான். மடியில் மரப்பொம்மையை வைத்துக்கொண்டு, தன் உதடு அசையாமல் அதைப் பேசவைப்பவர் பெர்கன். உதடே தெரியாத வானொலியில் இந்த வித்தை எடுபட்டது எனக்கு இன்றும் வியப்பு. சார்லி மெக்கார்த்தி என்ற அந்தப் பொம்மை, கேட்டவர்களுக்கு வாய்த்துடுக்கான ஒரு நிஜப் பையன்.

அதே நேரம் சிபிஎஸ் வானொலியில் 23 வயது ஆர்சன் வெல்ஸின் நாடகம். எச். ஜி. வெல்ஸின் பழைய நாவலைச் செய்தி அறிக்கைகளாக மாற்றியிருந்தார்கள். ஹோட்டலிலிருந்து வருவதுபோல் நடன இசை ஒலிக்கும், அதை நிறுத்தி ஒரு செய்தி, மறுபடி இசை. அதற்குள் நியூ ஜெர்சியில் செவ்வாய்க்கிரகத்தார் இறங்கிவிடுகிறார்கள். ஒலிப்பதிவைக் கேட்டபோது என்னைக் கலங்கவைத்தவர்கள் அவர்கள் அல்ல. எதுவுமே நடக்காததுபோல் திரும்பத் திரும்ப வந்த அந்த இசைதான்.

இது நாடகம் என்று தொடக்கத்திலேயே அறிவித்திருந்தார்கள். வேறு நிலையத்திலிருந்து குமிழைத் திருப்பிப் பாதியில் வந்தவர்களின் காதில் அது விழவில்லை.

நாடே அலறி ஓடியதாக மறுநாள் பத்திரிகைகள் எழுதியது மிகை. ஆனால் உண்மையிலேயே நடுங்கியவர்கள் இருந்தார்கள். அவர்களை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்கு முந்தைய மாதம்தான் மியூனிக் நெருக்கடி. ஐரோப்பாவில் போர் மூளுமா என்ற செய்திகள் இதேபோல் நிகழ்ச்சிகளை வெட்டிக்கொண்டு வந்தன. அவை உண்மையாகவும் இருந்தன. உண்மை சொன்ன குரலை மறுமுறையும் நம்பியது குற்றமா?

பெரும்பாலான விஷயங்களுக்கு நாமும் பாதியில்தான் போய்ச் சேர்கிறோம். எங்கள் குடும்பத்தில் இரண்டு பெரியவர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. நான் பிறக்கும் முன்பே மூண்ட சண்டை அது. காதில் விழுந்த பாதியை வைத்தே நாங்கள் ஆளுக்கொரு கட்சி சேர்ந்தோம். யார் முதலில் என்ன சொன்னார் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கைப்பேசிக்கு வரும் துண்டு வீடியோக்களையும் அப்படித்தான் நம்பிக் கொதிக்கிறோம்.

அன்றிரவு கேட்டவர்களைப் பேட்டி கண்டு ஹாட்லி கான்ட்ரில் 1940இல் ஒரு நூல் எழுதினார். சந்தேகம் வந்ததும் வேறு நிலையத்துக்குத் திருப்பிப் பார்த்தவர்கள் அதில் இருக்கிறார்கள். அங்கே வழக்கமான நிகழ்ச்சி ஓடியது, தெளிந்துவிட்டார்கள். சரிபார்க்காமலே நம்பியவர்களும் இருக்கிறார்கள்.

நாடகத்தின் ஒலிப்பதிவு இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. ஒரு மாலையை ஒதுக்கிக் கேளுங்கள், முதல் நிமிடத்திலிருந்து.