அலைவரிசையின் மறுமுனையில் யார்?

அமெச்சூர் வானொலியில் ஒரு தொடர்பு நிகழ்ந்ததாகக் கொள்வதற்கு மூன்று நிபந்தனைகள் போதும். இரு நிலையங்களும் ஒன்றன் அழைப்புக்குறியை மற்றொன்று பிழையின்றிப் பெற்றிருக்க வேண்டும். சமிக்ஞை எப்படிக் கேட்கிறது என்ற குறிப்போ வேறு ஏதேனும் தகவலோ இருபுறமும் கைமாறியிருக்க வேண்டும். வந்து சேர்ந்ததை இருவரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இவ்வளவும் முடிந்தால் லாக் புத்தகத்தில் ஒரு வரி ஏறும்: தேதி, நேரம், அதிர்வெண், எதிர்நிலையத்தின் குறி. அந்த ஒரு வரி பதிவு செய்வது இரண்டு மனிதர்கள் சந்தித்ததையா, இரண்டு கருவிகள் ஒத்திசைந்ததையா? மோர்ஸ் சாவியில் மனிதக் கையும் மைக்கில் மனிதக் குரலும் இருந்தவரை இதைக் கேட்க அவசியம் நேரவில்லை. கணினி அனுப்பிக் கணினியே படித்தறியும் முறை 2017இல் பெருவழக்காகத் தொடங்கியபின் கேள்வி தள்ளிப்போட முடியாததாகிவிட்டது.

சட்டத்தின் கண்ணில் அமெச்சூர் வானொலி ஒரு விசித்திரமான சேவை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிகள் இதனைத் தற்பயிற்சிக்கும் பரஸ்பரத் தொடர்புக்கும் தொழில்நுட்ப ஆய்வுக்குமான சேவை என்று வரையறுக்கின்றன. ஈடுபடுவோர் உரிய அனுமதி பெற்றவராக இருக்க வேண்டும்; சொந்த ஆர்வம் தவிரப் பண நோக்கம் கூடாது. பொருளை மறைக்கும் நோக்கில் செய்தியைச் சங்கேதமாக்குவதற்கும் தடை உண்டு. இந்தியாவில் 1978ஆம் ஆண்டின் விதிகளின்படி தேர்வெழுதி உரிமம் பெற வேண்டும், வி.யூ.2, வி.யூ.3 என்று தொடங்கும் குறி உரிமம் பெற்றவரின் பொறுப்பில் வழங்கப்படுகிறது. காசும் ரகசியமும் விலக்கப்பட்டுவிட்டால் பேச மிஞ்சுவது கொஞ்சம்தான்: பெயர், ஊர், வானிலை, ஆன்டெனாவின் உயரம். அரசியலும் மதமும் பேசுவதில்லை என்பது ‘ஹாம்’ எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்களிடையே நெடுநாள் வழக்கம். சட்டைப்பையில் செல்போன் உள்ள ஒருவர் இவற்றைச் சொல்வதற்காக மொட்டைமாடியில் கம்பி இழுத்துக் கட்டத் தேவையில்லை.

பிறகு ஏன் கட்டுகிறார்கள் என்ற கேள்விக்குப் பேரிடர்க் காலப் பயனை வழக்கமாகச் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது அந்தமானுக்கு ஹாம் நிலையம் அமைக்கச் சென்றிருந்த பாரதி பிரசாத்தும் குழுவினரும், தீவுகளுக்கும் இந்திய நிலப்பகுதிக்கும் இடையே செய்திகளைக் கடத்தினார்கள். அது மெய்யான தொண்டு. ஆயினும் நள்ளிரவில் இரைச்சலுக்குள் காதைத் தீட்டி உட்கார்ந்திருப்பவர் சுனாமியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. அலாஸ்டேர் மெக்கின்டயர் 1981இல் வெளிவந்த தம் அறவியல் நூலில் செய்த ஒரு பாகுபாடு இங்கே கூடுதலாகப் பொருந்துகிறது. ஒரு பயில்முறையால் வந்து சேரும் பணமும் புகழும் அதற்குப் புறம்பான நன்மைகள். வேறு வழியிலும் அவற்றை அடையலாம். அதில் தேர்ந்தவருக்கே கிட்டும் நுண்மையும் நிறைவும் அதற்கு அகமான நன்மைகள். பணத்தைச் சட்டமே விலக்கிவைத்த அமெச்சூர் வானொலி, அக நன்மைகளை மட்டுமே நம்பி நிற்கும் அபூர்வமான பயில்முறை. ஆகவே அந்த அக நன்மை எது என்பதைத் தெளிவாக்காமல், அதன் இன்றைய மாற்றங்கள் நல்லவையா கெட்டவையா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

அன்றாடப் பழக்கம் கேட்பதில் தொடங்குகிறது. அனுபவமுள்ள ஹாம் எடுத்த எடுப்பில் பேசமாட்டார். முதலில் அலைவரிசையைக் கேட்பார். காலியாகத் தோன்றினாலும், யாராவது பயன்படுத்துகிறீர்களா என்று விசாரிப்பார். தான் கேட்க முடியாத ஒருவர், தன்னைக் கேட்கக்கூடியவராக இருக்கலாம் என்பதே காரணம். பதில் இல்லையென்றால் ‘சி.க்யூ.’ என்று அழைப்பார். இவ்வழைப்பு யாரையும் குறிப்பிடுவதில்லை; கேட்கும் எவரும் பதில் சொல்லலாம். அயனி மண்டலம் அந்த நேரத்தில் எந்தத் திசைக்கு வழிவிடுகிறதோ, எந்த நாட்டில் யார் விழித்திருக்கிறாரோ, அதைப் பொறுத்தே பதில் வரும். அழைப்பவருக்குத் தேர்வு இல்லை. மரியாதையான இந்த நிச்சயமின்மையை வேறு எந்தத் தொடர்புச் சாதனமும் இன்று தருவதில்லை.

பதில் வந்தபின் பேச்சு பெரும்பாலும் வாய்பாடாகவே நடக்கும். தெளிவுக்கு ஐந்துவரை, வலுவுக்கு ஒன்பதுவரை மதிப்பெண் கொடுப்பது முறை. போட்டி நாட்களில் எல்லாருக்கும் ‘ஃபைவ் நைன்’தான். ‘உங்கள் சமிக்ஞை ஃபைவ் நைன்; உங்கள் குறியைத் தயவுசெய்து இன்னொரு முறை சொல்லுங்கள்’ என்று கூசாமல் கேட்கும் ஆபரேட்டர்கள் உலகெங்கும் உண்டு. தகவல் என்ற அளவில் அந்த எண் வெறும் பொய். ஆனால் அதைக் கேட்டவர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பதில்லை. மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி, செய்தி எதையும் சுமக்காமல் உறவை மட்டும் நிறுவும் பேச்சை 1923இல் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். ‘சாப்பிட்டாச்சா?’ என்பது உணவைப் பற்றிய விசாரணை அன்று. ‘ஃபைவ் நைன்’ அந்த இனத்தைச் சேர்ந்தது.

அதே 1923இல் வேறு இரண்டும் நிகழ்ந்தன. நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரிலிருந்து லியோன் டெலாயும், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலிருந்து ஃபிரெட் ஷ்னெல்லும் சுமார் 110 மீட்டர் அலைநீளத்தில் அட்லாண்டிக்கைக் கடந்து பேசினார்கள். அமெச்சூர்களிடையே அந்தக் கடலைத் தாண்டிய முதல் இருவழித் தொடர்பு அது. 1912ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் எதற்கும் உதவாதவை என்று கருதி அமெச்சூர்களுக்கு ஒதுக்கிய, 200 மீட்டருக்கும் குறைந்த அலைகளில் அது நடந்தது. அவ்வாண்டிலேயே ஜெர்மனியில் மார்ட்டின் பூபரின் ‘நானும் நீயும்’ வெளிவந்தது. மனிதன் உலகை இருவிதமாக எதிர்கொள்கிறான் என்றார் பூபர். எதிரே இருப்பதை அளக்கவும் வகைப்படுத்தவும் பயன்படுத்தவும் கூடிய ‘அது’வாகக் கொள்வது ஒன்று, முழுமையாக எதிர்நின்று ‘நீ’ என்று அழைப்பது மற்றொன்று. தேடிப் பிடிப்பதால் ‘நீ’ கிடைப்பதில்லை, அது அருளால் நேர்வது என்பதும், ஒவ்வொரு ‘நீ’யும் காலப்போக்கில் ‘அது’வாகிவிடும் என்பதும் அவர் வாதத்தின் முக்கியமான பகுதிகள். பூபருக்கு இது கடைசியில் கடவுளைப் பற்றிய பேச்சு: ‘அது’வாக ஒருபோதும் மாறாத ‘நீ’ ஒன்றே என்பார்.

மோர்ஸ் காலத்துத் தொடர்பை இந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்பது கடினமன்று. உடலும் முகமும் குரலும் இல்லாத தொடர்பு அது. ஆயினும் ஒவ்வொருவர் சாவி தட்டுவதிலும் ஒரு கைவாகு உண்டு. பழகிய காது, குறியைக் கேட்கும் முன்பே ஆளை அடையாளம் கண்டுவிடும். அலை மங்கும்போது ஒருவர் பொறுத்திருந்து மீண்டும் அனுப்புவார். மற்றவர் மூச்சடக்கிக் கேட்பார். இருவரும் முயலாவிட்டால் தொடர்பு நடக்காது. இந்தப் பரஸ்பர உழைப்பே ‘நீ’ என்பதற்கு இடம் தந்தது எனலாம்.

எனினும் பழைய காலத்தைப் பொற்காலமாக்குவது நேர்மையாகாது. 1930களிலேயே நாடுகளை எண்ணிச் சேர்க்கும் ஆசை அமைப்பு வடிவம் பெற்றுவிட்டது. அமெரிக்க வானொலி அஞ்சல் கழகத்தின் டி.எக்ஸ்.சி.சி. விருதுக்கு 100 நாடுகளோ ஆட்சிப்பகுதிகளோ தேவை. இன்றைய பட்டியலில் 340 உள்ளன. ஆளில்லாத் தீவுக்குப் பெரும் செலவில் செல்லும் குழு, ஒரு நிமிடத்தில் பல நிலையங்களுக்குக் குறியும் ‘ஃபைவ் நைன்’னும் கொடுத்துத் தள்ளுகிறது. அங்கே எதிர்முனை மனிதர் ஓர் எண்ணிக்கை; அவருக்கும் அந்தத் தீவு ஒரு வெற்றுக் கட்டம், நிரப்ப வேண்டியது. பூபரின் ‘அது’ கணினிக்கு வெகு முன்பே குடிபுகுந்துவிட்டது.

புதிய முறையின் பெயர் எஃப்.டி.8. பல்சர் ஆய்வுக்காக 1993இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லரும், ஸ்டீவ் ஃபிராங்கேயும் அதை வடிவமைத்து 2017இல் வெளியிட்டனர். நேரம் 15 விநாடித் துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது; ஒரு துண்டில் ஒருவர் அனுப்ப, அடுத்ததில் மற்றவர் பதிலளிக்கிறார். ஒவ்வொரு செய்தியும் 77 பிட்டுகள். பிடிக்கும் அலைப்பட்டை சுமார் 50 ஹெர்ட்ஸ். காதுக்குச் சிறிதும் எட்டாத, இரைச்சலுக்கு அடியில் கிடக்கும் சமிக்ஞையையும் மென்பொருள் வெளியே எடுத்துவிடும். ஒன்றரை நிமிடத்துக்குள் தொடர்பு முடிந்துவிடுகிறது. ஆபரேட்டர் திரையில் ஒரு குறியைச் சொடுக்கினால் போதும், மீதி வரிசையாக நடந்தேறும்.

இது பரவியதற்கு மனிதச் சோம்பல் காரணமன்று. எல்.இ.டி. விளக்கு, சார்ஜர், சூரிய மின் இன்வெர்ட்டர் ஆகியவை நகரங்களின் சிற்றலையை இரைச்சலால் நிறைத்துவிட்டன. அடுக்குமாடிக் குடியிருப்பில் நீண்ட ஆன்டெனாவுக்கு இடம் கிடையாது. சூரியனின் பதினோராண்டுச் சுழற்சியும் 2019 இறுதியில் அடிமட்டத்துக்கு வந்தது. பேச்சு எட்டாத நிலையில் எஃப்.டி.8 எட்டியது, பால்கனிக் கம்பியைக் கொண்டே கண்டம் கடக்க முடிந்தது. மோர்ஸ் தேர்ச்சி கட்டாயம் என்ற சர்வதேச விதி 2003ஆம் ஆண்டு ஜெனீவா மாநாட்டிலேயே நீக்கப்பட்டிருந்ததால் புதியவர்களுக்குத் தடையும் இல்லை.

இம்முறையின் உள்ளே ஒளிந்துள்ள அறிவளவைச் சிக்கல் பொதுவாகப் பேசப்படுவதில்லை. டெய்லரின் முந்தைய முறையான ஜே.டி.65, நிலவில் பட்டுத் திரும்பும் நலிந்த சமிக்ஞைகளுக்காக உருவானது. அதன் ஒரு வசதி, கணினியில் முன்பே சேமித்த அழைப்புக்குறிப் பட்டியலை எடுத்துவைத்து, வந்த இரைச்சல் அவற்றில் எதனோடு பொருந்துகிறது என்று சோதித்தது. எஃப்.டி.8 மென்பொருளும், நடந்துகொண்டிருக்கும் தொடர்பில் அடுத்து வரக்கூடிய செய்தியைப் பாதி அறிந்ததாகக் கொண்டு மீதியைப் படித்தறிய வல்லது. அப்படியானால் வந்தது எவ்வளவு, ஊகித்தது எவ்வளவு? சைவ சித்தாந்தம் அறியும் வழிகளைக் காட்சி, கருதல், உரை என்று மூன்றில் அடக்கும். காட்சியாகப் பதிவேட்டில் ஏறும் குறி, உண்மையில் கருதலாக இருக்கலாம் என்பதே குற்றச்சாட்டு. குற்றச்சாட்டில் பொருள் உண்டு. ஆனால் அது கணினிக்கு மட்டும் உரியதன்று. நெரிசலில் மோர்ஸ் கேட்கும் காதும் இரண்டெழுத்தைக் கேட்டு மூன்றாவதைத் தெரிந்த பெயரால் நிரப்பிக்கொள்கிறது. கணினி தன் ஊகத்தைக் கணக்கிட்டுச் செய்கிறது, காது கணக்கில்லாமல் செய்கிறது.

ஆகவேதான் இம்மரபு காட்சியிலும் கருதலிலும் நின்றுவிடாமல் மூன்றாவதை நாடியது. ஒருவரின் லாக் புத்தகம் அவருக்கே சாட்சியாகாது. எதிர்முனையாளர் தன் கைப்பட ஒப்பமிட்டு அனுப்பும் கியூ.எஸ்.எல். அட்டை வேண்டும், 2003 முதல் மின்னொப்பமிட்ட இணையப் பதிவும் அதற்கு ஈடாகிறது. ‘நானும் கேட்டேன்’ என்று இன்னொருவர் சொல்லும் உரையே தொடர்பை முழுமையாக்குகிறது. உரை அளவையாவதற்குச் சொல்பவர் நம்பத்தக்கவராக இருக்க வேண்டும். நம்பத்தக்கவராக இருக்க, முதலில் அவர் ஒருவராக இருக்க வேண்டும்.

முழுத் தானியக்கத்தின் மீதான எதிர்ப்பு இந்த இடத்திலிருந்து வருகிறது. ஆள் தூங்கும்போது தானே அழைத்துத் தானே பதிலளித்துப் பதிவும் செய்யும்படி நிலையத்தை அமைப்பது இன்று கடினமன்று. டி.எக்ஸ்.சி.சி. விதி, ஒவ்வொரு தொடர்பையும் இருபுறத்து ஆபரேட்டர்களும் அந்த நேரத்தில் நேரடியாகத் தொடங்கிவைத்திருக்க வேண்டும் என்கிறது. டெய்லர் குழுவின் மென்பொருளில் ஒரு காவல் கடிகாரம் உண்டு; மாற்றியமைக்காதவரை, ஆறு நிமிடம் மனிதக் கை படாவிட்டால் அனுப்புவது நின்றுவிடும். பொறியியல் நோக்கில் அது ஒரு குறை. ஆனால் ஆள் இருக்க வேண்டும் என்பதை நிரலாக எழுதிவைத்த விதத்தில் அது ஒரு தத்துவ நிலைப்பாடு.

டெய்லர் 2008இல் வெளியிட்ட டபிள்யூ.எஸ்.பி.ஆர். முறையில் கணினிகள் இரவும் பகலும் தாமாகவே ஒன்றையொன்று கேட்டு, அலைப்பரவலை இணையத்தில் பதிவு செய்கின்றன. அதை எவரும் எதிர்ப்பதில்லை. யாரையும் சந்தித்ததாக அது உரிமை கொண்டாடுவதில்லை. தொலைவிலிருந்து இணையம் வழியே நிலையத்தை இயக்கும் வழக்கத்திலும் சர்ச்சை உண்டு. ஆனால் அங்கே இடம்பெயர்வது நாற்காலி மட்டுமே, பொறுப்பேற்கும் ஆள் மாறுவதில்லை.

பேச்சின் நீளம் இங்கே பிரச்சினையன்று. 77 பிட்டுகள் குறைவு என்றால் ‘ஃபைவ் நைன்’ அதைவிட அதிகமில்லை. பூபர் கேட்டதுபோல் முழுமையாக எதிர்நிற்பது எஃப்.டி.8இல் அரிது, பழைய போட்டிகளிலும் அரிதாகவே இருந்தது. நிதானமான பேச்சை விரும்புவோர் 7 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இன்றும் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். தொடர்பு என்று பெயர் பெறக் குறைந்தபட்சம் தேவைப்படுவது, இருமுனையிலும் ‘இது நான் அனுப்பியது, இது நான் பெற்றது’ என்று பின்னர் பொறுப்பேற்கக்கூடிய ஒருவர் இருப்பதே. உரிமத்தின் அழைப்புக்குறி அந்தப் பொறுப்பின் பெயர். ஆள் உறங்க, இயந்திரம் மட்டும் நிரப்பிய பதிவேட்டு வரியை அலைப்பரவலின் அளவீடாக ஏற்கலாம், தொடர்பாக ஏற்பதற்கில்லை.