கோடரியும் ஜகாத்தும்

ரமலானில் ஜகாத் கணக்கு போடும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும்: நூற்றுக்கு இரண்டரையைக் கொடுத்ததும் கடமை முடிந்துவிடுமா?

அப்போது அபூதாவூதில் உள்ள ஒரு ஹதீஸ் நினைவுக்கு வரும். யாசகம் கேட்டு வந்த அன்சாரி ஒருவரின் விரிப்பையும் கிண்ணத்தையும் நபிகள் நாயகம் (ஸல்) இரண்டு திர்ஹத்துக்கு ஏலம் விட்டார்கள். ஒன்று வீட்டுச் சாப்பாட்டுக்கு, மற்றது கோடரிக்கு. தம் கையாலேயே காம்பைப் பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்று, 15 நாள் கழித்து வரச் சொன்னார்கள். அவர் பத்து திர்ஹத்தோடு வந்தார்.

வங்கதேசத்தில் பிராக் அமைப்பு 2002இல் பரம ஏழைப் பெண்களுக்காகத் தொடங்கிய திட்டமும் இதே வழிதான்: ஆடுமாடு, அது பலன் தரும்வரை உதவித்தொகை, பயிற்சி, வீடு தேடிவரும் துணை.

ஜமாஅத்தாரே, ஜகாத்தைச் சில்லறையாகச் சிதறடிக்காதீர்கள். ஒரு குடும்பத்துக்காவது தையல் மிஷினும், தொழில் நிலைக்கும்வரை அரிசியும் கொடுங்கள். மாதாமாதம் போய் விசாரியுங்கள்.