நாவல் மர நிழல்

வீட்டில் நாலு பேர் கூடி, வயிறு வலிக்கச் சிரித்து ஓய்ந்த பிறகு பெரியவர் ஒருவர் சொல்வார்: "இன்னைக்கு ரொம்பச் சிரிச்சுட்டோம், நாளைக்கு என்ன காத்திருக்கோ." தமிழ் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் குரல் பழக்கமானது. குழந்தை அழகாக இருந்தால் கன்னத்தில் மைப்பொட்டு. புது வீடு எழும்பினால் முகப்பில் திருஷ்டிப் பூசணி. நல்ல சேதி வந்தால், "இப்போதைக்கு யார்கிட்டயும் சொல்லாதே." துக்கம் என்றால் ஊரே வாசலில் கூடிவிடுகிறது. சந்தோஷத்தைத்தான் கொஞ்சம் ஒளித்து வைத்துக்கொள்கிறோம்.

இந்தப் பயம் கண்ணேறு பற்றியது மட்டும் அல்ல. அதன் அடியில் சமயம் சார்ந்த ஒரு கேள்வி இருக்கிறது. உலக இன்பங்கள் நிலையில்லாதவை, அவற்றில் மனம் வைத்தவன் பெரிய இன்பத்தை இழப்பான் என்பது சொற்பொழிவு மேடைகளில் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் பாடம். அந்தப் பாடத்தில் அன்றாடத்தின் சிறு மகிழ்ச்சிகளுக்கு என்ன இடம்? காய்கறிக்காரம்மா கேட்காமலே கொசுறாகப் போடும் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. கூட்டமான பேருந்தில் எதிர்பாராமல் கிடைத்த சன்னலோர இருக்கை. புழுக்கமான இரவில், மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்ததும் தெருவில் உள்ள பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே மூச்சில் போடும் "ஹே" என்ற கூச்சல். மின்விசிறி சுழலத் தொடங்கும் அந்த நொடியில் பெரியவர்களின் முகமும்தான் மலர்கிறது. இதெல்லாம் மயக்கமா? மனிதனைக் கீழே இழுக்கும் கயிறா?

புத்தரே இந்தக் கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்ட இடம் சாதாரண இடமல்ல. அவருடைய வாழ்க்கை திரும்பிய இடம்.

பாலி மொழி நூலான மஜ்ஜிம நிகாயத்தில் மகாசச்சக சுத்தம் என்றொரு பகுதி உண்டு. வைசாலியில் சச்சகர் என்ற வாதத் திறமை மிக்கவர் புத்தரைத் தேடி வருகிறார். இன்பமோ துன்பமோ எழுந்து தங்கள் மனத்தை ஆட்கொண்டு நின்றதுண்டா என்பது அவர் கேள்வியின் சாரம். பதிலாகப் புத்தர் தாம் பட்ட பாட்டைச் சொல்கிறார். பல்லைக் கடித்து மனத்தை அடக்கிப் பார்த்தார். மூச்சை நிறுத்திப் பார்த்தார். சாப்பாட்டைக் கையளவு பயற்றுச் சாறாகக் குறைத்தார். வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு தட்டுப்பட்டது. கையையும் காலையும் தடவினால் ரோமம் வேரோடு உதிர்ந்தது. இதற்கு மேல் ஓர் உடம்பு வருந்த முடியாது என்ற எல்லைக்குப் போன பிறகும் தேடியது கிடைக்கவில்லை. வேறு வழி ஏதும் உண்டா என்று யோசிக்கிறார்.

அப்போது அவர் நினைவுக்கு வந்தது வேதமோ குருவோ அல்ல, சிறுவயதில் ஒருநாள். தந்தை தம் வேலையில் இருக்கிறார். பையன் நாவல் மரத்தின் குளிர்ந்த நிழலில் உட்கார்ந்திருக்கிறான். எதையும் அடைய வேண்டும் என்ற தவிப்பு இல்லை. மனம் தானாகவே ஒன்றில் நிலைத்து, உள்ளே மகிழ்ச்சி பரவுகிறது. நடந்தது அவ்வளவுதான். ஆண்டுக்கணக்கில் உடம்பை வாட்டிய துறவி, வற்றிப்போன உடம்போடு அந்தப் பொழுதை நினைத்துப் பார்க்கிறார். காமத்தோடும் தீமையோடும் சம்பந்தமில்லாத அந்த மகிழ்ச்சியைக் கண்டு நான் ஏன் பயப்படுகிறேன் என்று தம்மையே கேட்கிறார். பயப்பட வேண்டியதில்லை என்று முடிவு செய்கிறார். பட்டினி கிடக்கும் உடம்பால் அந்த மகிழ்ச்சியை எட்ட முடியாது என்று உணர்ந்து, சோறு சாப்பிடுகிறார். கூட இருந்த ஐந்து துறவிகள், இவர் சுகவாசியாகிவிட்டார் என்று வெறுத்துப்போய் விலகிவிடுகிறார்கள்.

துக்கத்தை முதல் உண்மையாக வைத்த ஒரு சமயம், தன் நிறுவனர் வழியைக் கண்டுகொண்ட கதையை இப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறது. கடுந்தவத்தில் அகப்படாத வழி, ஒரு பிள்ளை மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்த பொழுதில் இருந்தது. பௌத்தம் என்றாலே வாழ்க்கையை வெறுப்பது என்று நினைப்பவர்கள் அந்த நாவல் மரத்தை ஒருமுறை கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. எல்லா மகிழ்ச்சியும் நல்லது என்று புத்தர் சொல்லவில்லை. தம்முள் எழுந்த இன்பம் மனத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை என்பதைச் சச்சகரிடம் அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். இன்பம் வந்தது, இருந்தது, போனது. போகும்போது அவர் அதைப் பிடித்து இழுக்கவில்லை. சிறு மகிழ்ச்சிக்கும் பேராசைக்கும் இடையிலுள்ள கோடு இங்கேதான் விழுகிறது. இன்பத்தின் அளவை வைத்து அது விழுவதில்லை.

வேத மரபும் ஏறக்குறைய இதே இடத்துக்கு வேறொரு பாதையில் வந்து சேர்கிறது. தைத்திரீய உபநிஷத்தின் ஆனந்தவல்லி, ஆனந்தத்துக்குக் கணக்கே போடுகிறது. ஓர் இளைஞனை எடுத்துக்கொள்கிறது. நல்லவன், படித்தவன், திடகாத்திரமானவன். செல்வம் நிறைந்த இந்தப் பூமி முழுவதும் அவனுடையது. அவனுக்குக் கிடைப்பது ஓர் அலகு மனித ஆனந்தம். அதைப்போல நூறு மடங்கு கந்தர்வ நிலையை அடைந்த மனிதர்களுக்கு, அதைப்போல நூறு மடங்கு தேவ கந்தர்வர்களுக்கு என்று பித்ருக்கள், தேவர்கள், இந்திரன், பிரகஸ்பதி, பிரஜாபதி வழியாகப் பிரம்மம் வரை கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் இரண்டாம் படியிலிருந்து ஒவ்வொரு படியிலும் ஒரே செய்தி மறுபடி மறுபடி வருகிறது. ஆசையால் அடிபடாத, வேதம் அறிந்தவனுக்கும் அந்த ஆனந்தம் உண்டு. இந்திரனின் ஆனந்தத்துக்கு இந்திர பதவி தேவையில்லை என்பதுதான் இதன் பொருள்.

பூமி முழுவதையும் கொடுத்தாலும் ஓர் அலகுதான் என்ற கணக்கை நவீன காலத்தில் ஓர் ஆய்வு வேறு விதமாகத் தொட்டது. 1978-இல் வெளியான அந்த ஆய்வுக்காகப் பிலிப் பிரிக்மனும் இரு சக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் இல்லினாய் மாநில லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேரிடம் பேசினார்கள். பரிசு எதுவும் விழாத 22 பேரிடமும் அதே கேள்விகளைக் கேட்டார்கள். நண்பரோடு பேசுவது, காலை உணவு, ஒரு நகைச்சுவைத் துணுக்கு, பத்திரிகை படிப்பது, யாராவது ஒரு வார்த்தை பாராட்டுவது ஆகியவற்றில் எவ்வளவு சந்தோஷம் கிடைக்கிறது என்பது ஒரு கேள்வி. பரிசு வென்றவர்களுக்கு இவற்றில் கிடைத்த சந்தோஷம் குறைவாக இருந்தது. மொத்தத்தில் அவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாகவும் இல்லை. சிறிய ஆய்வு, இதை வைத்துப் பெரிய விதி எழுத முடியாது. ஆனாலும் காலை இட்லியின் ருசியைக் குறைத்துவிடும் அதிர்ஷ்டமும் உண்டு என்பது யோசிக்க வைக்கிறது.

ஆனந்தம் பொருளில் இல்லை, உனக்குள்ளேதான் இருக்கிறது என்பார் அத்வைதி. 1901, 1902-ஆம் ஆண்டுகளில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு ரமண மகரிஷி தந்த பதில்களே பின்னர் 'நான் யார்?' என்ற சிறு நூலானது. விரும்பியது கிடைத்ததும் மனம் ஒரு கணம் தன் இடத்துக்குத் திரும்பி, தன் சுகத்தையே அனுபவிக்கிறது என்பது அதில் அவர் தரும் விளக்கம். வெயிலில் அலைந்து மர நிழலுக்கு மீள்பவனை அவர் உதாரணம் காட்டுகிறார். புத்தரின் கதையிலும் நிழல், இங்கேயும் நிழல். வெயில் காயும் நாட்டில் ஞானிகளுக்குத் தோன்றும் உதாரணம் வேறெதுவாக இருக்கும்?

அப்படியானால் வெளியே இருக்கும் காபிக்கும் காற்றுக்கும் மதிப்பே இல்லையா? 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த, சிருங்கேரி மடத்தின் வித்யாரண்யர் இதற்கு ஒரு நேர்மையான பதில் வைத்திருக்கிறார். அவருடைய பஞ்சதசியின் கடைசி ஐந்து அத்தியாயங்கள் ஆனந்தத்தைப் பற்றியவை. அவற்றிலும் கடைசி அத்தியாயம் விஷயானந்தம், அதாவது உலகப் பொருள்களால் வரும் இன்பம். அதை அவர் பிரம்மானந்தத்தின் ஒரு பகுதி என்றும் அதற்கு வாசல் என்றும் கொள்கிறார். அத்வைதத்தின் பெரிய ஆசிரியர் ஒருவர் தம் நூலின் நிறைவில் இந்த இன்பத்துக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். அதைத் தூக்கியெறியச் சொல்லும் உரிமை மற்றவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

தமிழ் மரபில் இதற்கான மிகப் பெரிய சாட்சி நாவுக்கரசர்தான்.

அவர் கதை எல்லோருக்கும் தெரிந்தது. சமணத்தில் தருமசேனராக இருந்தவர், சூலை நோயால் துடித்து, அக்கா திலகவதியாரிடம் திரும்பி, திருவதிகையில் சைவரானார். பல்லவ மன்னன் சினம் கொண்டு அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தான். ஏழு நாள் கழித்துத் திறந்தபோது வாட்டமின்றி இருந்தார் என்கிறார் சேக்கிழார். அங்கே அவர் பாடியதாகச் சொல்லப்படும் பதிகம் ஐந்தாம் திருமுறையில் இருக்கிறது. அதை மனப்பாடம் செய்யாத சைவக் குடும்பப் பிள்ளைகள் குறைவு. மனப்பாடமாகிவிட்டதாலேயே அதன் துணிச்சல் நம் கண்ணில் படாமல் போகிறது.

சுற்றிலும் சுண்ணாம்பு வேகிறது. உள்ளே இருப்பவர் இறைவனின் திருவடி நிழல் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கைலாயம், தேவலோகம், பொன்மலை என்று எத்தனையோ இருக்கின்றன. அவர் எடுத்ததோ பிசிறில்லாத வீணை ஒலி, சாயங்கால நிலா, தென்றல், இளவேனில், வண்டுகள் சத்தமிடும் குளம். ஐந்துமே ஏழைக்கும் கிடைப்பவை. வீணைகூட, வாசிப்பவருக்குத்தான் சொந்தம். கேட்பதற்கு வாசலில் நின்றால் போதும். காது, கண், தோல் என்று உடம்பு அனுபவித்த சுகங்களைக் கொண்டுதான் அவர் கடவுளைச் சொல்கிறார். வாழ்நாள் முழுக்க உழவாரம் ஏந்திக் கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கியவர், மாலையில் நிமிர்ந்து நிலவைப் பார்க்காமலா இருந்திருப்பார்? சிறிய இன்பத்தை ரசிக்கத் தெரியாதவரால் அந்தப் பாடலைப் பாடியிருக்கவே முடியாது. அதே சமயம், அந்த ஐந்தில் ஒன்றுகூடக் காளவாயில் அவரிடம் இல்லை. இல்லாதபோதும் அவற்றுக்காக ஏங்கவில்லை. அனுபவிக்கவும் தெரிந்தது, விடவும் தெரிந்தது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். இல்லாதவனிடம் போய் 'சின்னச் சின்ன சந்தோஷம் போதும்' என்று உபதேசிப்பது அநியாயம் அல்லவா? அநியாயம்தான். கூலியைக் குறைத்துவிட்டு நிலவைக் காட்டுவது சமயம் ஆகாது. புத்தர் முதலில் சோறு சாப்பிட்டார் என்பதை மறக்கக் கூடாது. ஆனந்தக் கணக்குப் போட்ட அதே தைத்திரீயம், அடுத்த வல்லியில் உணவைப் பழிக்காதே, உணவைப் பெருக்கு, தங்க வந்தவரைத் திருப்பி அனுப்பாதே என்று விரதங்களாக விதிக்கிறது. பேரின்பத்தைப் பற்றி ஆயிரக்கணக்கில் பாடிய வள்ளலார் 1867-இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசித்த வயிற்றுக்கு முன்னால் ஆனந்தம் பேசக் கூடாது என்பதில் இவர்கள் எல்லோரும் ஒரே கட்சி.

பசியும் மகிழ்ச்சியும் சந்திக்கும் இடத்தைப் பார்க்க வேண்டுமானால் ரமலான் மாதத்தில் தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு பள்ளிவாசல் பக்கம் மாலையில் போக வேண்டும். பெரிய தேக்சாவில் அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் இஞ்சியும் கரைய வெந்த நோன்புக் கஞ்சியின் வாசனை தெரு முனையிலேயே வந்து அழைக்கும். தூக்குவாளியோடு நிற்கும் வரிசையில் அக்கம்பக்கத்து இந்துக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். பாங்கு ஒலிக்கும் வரை யார் கையும் தட்டுக்குப் போகாது. ஒலித்ததும் ஒரு பேரீச்சம்பழம், ஒரு மிடறு தண்ணீர், பிறகு கஞ்சி. காய்ந்த தொண்டையில் அந்தத் தண்ணீர் இறங்குவதை முகத்திலேயே பார்க்கலாம். நோன்பாளிக்கு இரண்டு மகிழ்ச்சிகள் உண்டு, ஒன்று நோன்பு திறக்கும்போது, மற்றொன்று தன் இறைவனைச் சந்திக்கும்போது என்று நபிகள் நாயகம் சொன்னதாகப் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நபிமொழித் தொகுப்புகளும் பதிவு செய்திருக்கின்றன. ஒரு மிடறு தண்ணீரின் மகிழ்ச்சியையும் இறைவனைக் காணும் மகிழ்ச்சியையும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து வைக்க ஒரு சமயம் தயங்கவில்லை. முதலாவது இரண்டாவதற்குப் போட்டி என்று அது கருதவில்லை.

ஆக, மகிழ்ச்சி ஆபத்து என்ற பயத்துக்குச் சமய நூல்களில் நாம் நினைக்கும் அளவு ஆதாரம் இல்லை. அவை எச்சரிப்பது பிடித்து வைத்துக்கொள்ளும் வெறியை. கரண்ட் வந்ததும் கத்தும் குழந்தை அந்த நொடியைப் பத்திரப்படுத்த நினைப்பதில்லை. அடுத்த நிமிடம் விளையாடப் போய்விடுகிறது.

இன்னொன்றும் உண்டு. பௌத்தம் வளர்க்கச் சொல்லும் நான்கு மனப்பாங்குகளில் மைத்ரி, கருணை, உபேட்சை ஆகியவற்றோடு முதிதையும் ஒன்று. பிறர் மகிழ்ச்சியைக் கண்டு மகிழ்வது அது. பதஞ்சலியின் யோக சூத்திரம் முதல் பாதத்திலேயே இந்த நான்கையும் சொல்கிறது. கருணையைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம், முதிதையின் பெயர்கூட வழக்கில் இல்லை. அடுத்தவர் அழுதால் உடன் அழுவது நமக்கு எளிது. அடுத்தவர் சிரிக்கும்போது பொறாமையோ பயமோ கலக்காமல் உடன் சிரிப்பதற்குத்தான் பயிற்சி வேண்டியிருக்கிறது. எல்லோரும் அப்படிச் சிரிக்கப் பழகிவிட்டால், நல்ல சேதியை ஒளித்துவைக்கும் தேவையும் பெருமளவு போய்விடும்.

பயிற்சிக்குத் தனியாக ஆசனம் போட வேண்டியதில்லை. இன்று மாலை வீட்டில் யாராவது, "ஒண்ணு சொல்லட்டுமா, இன்னைக்கு பஸ்ல என்ன ஆச்சு தெரியுமா" என்று கண் மலர வந்து நின்றால், கைபேசியைக் கீழே வைத்துவிட்டு முழுசாகக் கேளுங்கள்.