கூர்வளைவும் கருங்கல்லும்

கட்டடத்துக்கும் உண்மை, பொய் உண்டு என்று வாதிட்டவர் ஆங்கிலத் தேவாலயக் கட்டடக் கலைஞர் அகஸ்டஸ் பியூஜின் (1812–1852). செங்கல் சுவரில் சாந்து பூசி, கோடு கீறி, கருங்கல் போலக் காட்டுவது அவருக்கு வெறும் ரசனைக் குறை அல்ல. இறைவனின் வீட்டிலேயே சொல்லப்படும் பொய். பயன் இல்லாத எதையும் கட்டக் கூடாது, அலங்காரம் கட்டுமானத்தை மறைக்கக் கூடாது என்று 1841இல் வெளியிட்ட நூலில் விதி வகுத்தார். கூர்வளைவுக் (கோதிக்) கலையே கிறிஸ்தவக் கலை என்றும் சொன்னார். அவர் கத்தோலிக்கர். ஆனாலும் கூர்வளைவின் மீதான இந்தப் பற்றை ஆங்கிலிக்கன் திருச்சபையில் வளர்த்தது 1839இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் கேம்டன் சங்கம்.

குளிர்நாட்டில் பிறந்த இந்த வடிவம் வெயில் நாட்டுக்கு எப்படிப் பொருந்தும்? சங்கத்தைச் சேர்ந்த பெஞ்சமின் வெப் 1845இல் இதை ஆராய்ந்து, தடித்த சுவர்களையும் சிறிய சன்னல்களையும் பரிந்துரைத்தார்.

இலங்கை மலையகத்தில் அந்தச் சிக்கலே எழவில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல் இருக்கும் நுவரெலியாவில் பரிசுத்த திரித்துவ ஆலயம் பியூஜின் இறந்த 1852ஆம் ஆண்டிலேயே பிரதிஷ்டை செய்யப்பட்டது. டிக்கோயாவில் வார்லி கிறிஸ்து ஆலயம் 1878இல் எழுந்தது. இன்று அதன் கீழே விரிந்து கிடக்கும் காசல்ரீ நீர்த்தேக்கம் 1960களில்தான் வந்தது. ஆங்கிலக் கிராமத்தில் பனி வழுக்கி விழச் சரித்த கூரை, டிக்கோயாவில் தென்மேற்குப் பருவமழையை இறக்கிவிடுகிறது. கல் கல்லாகவே தெரிகிறது. மழையில் கறுத்து, பாசி படிந்து, தன் வயதையும் காட்டுகிறது. பியூஜின் கேட்ட நேர்மை இங்கே பெரும்பாலும் இருக்கிறது.

ஆனால் அவர் இன்னொன்றையும் கேட்டார். ஒரு சமூகத்தின் நம்பிக்கையிலிருந்தே அதன் கோயில் முளைக்க வேண்டும் என்றார். இந்த மலையக ஆலயங்களோ பிரித்தானியத் தோட்டத் துரைமாரின் ஊர் நினைவிலிருந்து முளைத்தவை. சுற்றியிருந்த தொழிலாளர் லயங்களில் வாழ்ந்தோர் பெரும்பாலும் மாரியம்மனையும் முனியாண்டியையும் கும்பிட்டவர்கள். மரத்தடியில் நட்ட ஒரு கல்லே அவர்களுக்குப் போதுமான கோயில். தொழிலாளரிடம் சுவிசேஷத்தைக் கொண்டுசென்ற தமிழ்க் கூலி மிஷன் 1854இல், கோப்பிக் காலத்திலேயே, தொடங்கியது. தோட்டம் தோட்டமாக நடந்த அதன் உபதேசியாருக்குப் பேசக் கூர்வளைவு தேவைப்படவில்லை. ஆட்கள் கூடும் இடம் இருந்தால் போதும்.

அப்படியானால் புனிதம் வடிவத்தில் இல்லை என்று முடிவுகட்டத் தோன்றும். அது அவசர முடிவு. நட்ட கல்லும் ஒரு வடிவம்தான். அதைக் கோயிலாக்குவது தலைமுறைகளின் கும்பிடு. அந்தக் கணக்கில் துரைமாரின் ஆலயங்கள் கட்டி முடிக்கப்பட்ட நாளில் பாதிக் கோயில்களே. துரைமார் போய்விட்டார்கள். மலையகத்தின் ஆங்கிலிக்கன் ஆலயங்கள் பலவற்றில் இப்போது தமிழில் ஆராதனை நடக்கிறது. ஆறு நாளும் கொழுந்து பறித்த கைகள் ஞாயிற்றுக்கிழமை அங்கே நற்கருணைக்கு நீள்கின்றன.