யாருடைய இருக்கை?

நோயாளியைப் பார்க்கப் போகின்ற நாம், அவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும் கடமை முடிந்ததென்று இருந்துவிடுகிறோம். நோய்க்குப் பின்னர் வருகின்ற நாட்களுக்கென்று சில கேள்விகள் இருப்பதை யோசிப்பதில்லை. ஒருவர் படுத்திருந்த காலத்தில் அவர் செய்துவந்ததை வேறொருவர் செய்திருப்பார். அவர் திரும்பி வரும்போது அந்த இடம் யாருக்குரியது?

இக்கேள்வியை என் முன்னே கொண்டுவந்து வைத்தவள் என் தங்கச்சி. அவளுடைய மகன் கொழும்பில் படிக்கிறான். பேர வாவியில் பயிற்சி பெறுகின்ற ஒரு பாடசாலைக் குழுவில், நால்வர் தோணியில் துடுப்பு வலிப்பவன். டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, உடம்பு தேறுவதற்காகத் தெல்தெனியவுக்கு வந்திருந்தான். காய்ச்சல் விட்டு மூன்று வாரமாகியும் வீட்டுக்கு ஏறுகின்ற படிகளில் அவனுக்கு மூச்சு வாங்கியது. கொழும்பிலோ அவனுடைய இருக்கையில் ஒரு வகுப்புக் குறைந்த மாணவன் அமர்ந்து பயிற்சி செய்துகொண்டிருந்தான். இனி மெதுமெதுவாகத் தொடங்கலாமென்று வைத்தியர் சொன்ன அன்றே தங்கச்சி என்னிடம் வந்தாள்.

"நானா, நீங்க அந்தக் கோச்சோட ஒருக்காப் பேசுங்க. புள்ள வேணுமெண்டா படுத்தான்? அவன்ட இடத்த அவனுக்குத்தானே குடுக்கணும்?"

அவளது வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. நோய் ஒரு குற்றமன்று. குற்றமற்றவனிடமிருந்து எதையும் பறிக்கலாகாது. ஆனால் அந்த இளைய மாணவனும் குற்றமற்றவன்தானே? விடிகாலைகளில் எழுந்து வந்து, காலியாகக் கிடந்த இடத்தை நிரப்பியதைத் தவிர அவன் என்ன செய்தான்? இரண்டு குற்றமற்றவர்களுக்கு நடுவே ஓர் இருக்கை மட்டும் இருக்கும்போதுதான் நீதி என்பது கடினமான காரியமாகிறது.

முதலில் உடம்பு சொல்வதைக் கேட்போம். 1966இல் அமெரிக்காவின் டலஸ் நகரில், ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து ஆராய்ந்தார்கள். நோய் எதுவுமில்லாத அவர்களுடைய உடல் ஒட்சிசனைப் பயன்படுத்துகின்ற உச்சத் திறன் நான்கில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைந்துபோயிற்று. பயிற்சியினால் அதை மீட்டுக்கொண்டார்கள். 30 ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் சோதித்தபோது, முப்பது வருட வயது குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை குறைத்ததே அதிகமென்று தெரியவந்தது. வெறும் படுக்கைக்கே இப்படியென்றால், காய்ச்சலும் சேர்ந்தால் எப்படியிருக்கும்?

தனியே ஓடுபவன் தன் பலவீனத்தைத் தானே சுமப்பான். தோணியில் அப்படியன்று. நால்வருக்கும் ஆளுக்கொரு துடுப்பு; 2000 மீற்றர் தூரம். ஒருவன் தளர்ந்தால் அந்தப் பாரம் மற்ற மூவரின் முதுகில் ஏறும். யாராவது "சுகமா?" என்று கேட்டால் "அல்ஹம்துலில்லாஹ்" என்கிறோம். அது நன்றியின் சொல், வைத்திய அறிக்கையல்ல. தோணியில் கூட இருப்பவர்களுக்கு அந்த நன்றிச் சொல்லோடு உண்மையான விவரமும் சேரவேண்டும். அது அவர்களுடைய உரிமை.

படகோட்டத்தின் அண்மைக்கால வரலாற்றிலேயே இதற்கு உதாரணமுண்டு. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் பிரித்தானியாவின் நால்வர் தோணி தங்கம் வென்றது. அதிலிருந்த ஸ்டீவ் ரெட்கிரேவுக்கு அது ஐந்தாவது ஒலிம்பிக் தங்கம். 1997இல் நீரிழிவு கண்டறியப்பட்டு, இன்சுலின் எடுத்துக்கொண்டே வலித்தவர் அவர். உலகம் அவரையே பேசிற்று. அதே தோணியில் இருந்த டிம் ஃபொஸ்டர் முதுகில் சத்திர சிகிச்சை செய்துகொண்டு திரும்பியவர். அவர் இல்லாத 1999இல் அவ்விடத்தில் அமர்ந்து, அத்தோணி உலகச் சம்பியனாகத் துணைநின்றவர் எட் கூட். ஃபொஸ்டர் திரும்பியதும் கூட் இருவர் தோணிக்கு மாறினார். சிட்னியில் அத்தோணிக்கு நான்காமிடம், பதக்கமில்லை. 2004இல் ஏதென்ஸ் போட்டிக்குச் சில வாரங்களே இருக்கையில் அலெக்ஸ் பார்ட்ரிட்ஜ் என்பவர் நுரையீரல் பாதிப்பினால் விலக நேர்ந்தது. அவருடைய இருக்கைக்கு வந்தவர் அதே எட் கூட். 0.08 செக்கனில் தங்கம். ஒருவர் திரும்பி வந்ததால் இழந்தவர், இன்னொருவர் நோயுற்றதால் பெற்றார். பார்ட்ரிட்ஜும் அத்தோடு முடிந்துபோகவில்லை. 2005இலும் 2006இலும் நால்வர் தோணியில் உலகச் சம்பியனானார்.

இவர்களில் எவருக்கும் இருக்கை சொந்தச் சொத்தாக இருக்கவில்லை என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது.

கோச்சுடன் நான் பேசவில்லை. மருமகனிடம்தான் பேசினேன். "மகன், எத்தனை படியில மூச்சு வாங்குதெண்டத மறைக்காமச் சொல்லுங்க. சொல்லிட்டு, ஒரு சோதனை மட்டும் கேளுங்க" என்றேன். அவர்களிடம் அதற்கொரு முறை இருக்கிறது. இரண்டு தோணிகளை ஓடவிட்டு, பின்பு ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவரை மாத்திரம் இடம் மாற்றி மறுபடி ஓடவிடுவார்கள். இரு ஓட்டங்களுக்குமிடையில் முந்திய தூரம் எவ்வளவு மாறுகிறதோ அதுவே அவ்விருவருக்குமுள்ள வித்தியாசம். அவன் தேறிப்போய்ச் சோதனையில் அமர்ந்தான். இளையவனே வென்றான். அந்தப் பருவம் முழுக்க மருமகன் இரண்டாவது தோணியில் வலித்தான். தங்கச்சி ஒரு வாரம் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

இதை எல்லா இடத்துக்கும் பொருத்தலாமா என்று வாசகர் கேட்கக்கூடும். பொருத்தலாகாது. கூலி வேலை செய்பவர் காய்ச்சலில் விழுந்து எழுந்து வரும்போது, புதியவரோடு போட்டியிட்டு வென்றால்தான் வேலை என்பது கொடுமை. அங்கே இருப்பது சோறு. தோணியில் இருப்பது கௌரவம். சோற்றைச் சோதனைக்கு வைக்கக்கூடாது. கௌரவத்தைச் சோதனையில்லாமல் கொடுக்கக்கூடாது.

திரும்புதல் பற்றித் தெல்தெனியவில் வாழ்கின்ற எங்களுக்குக் கொஞ்சம் தெரியும். 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையின் நீர்த்தேக்கம் எங்கள் பழைய நகரை மூடிற்று. புதிய நகர் மேட்டில் எழுந்தது. நீர் வற்றுகின்ற காலங்களில் பழையதன் இடிபாடுகள் தலைகாட்டும்; போய்ப் பார்க்கலாம், குடியேற முடியாது. அதே பெயரோடு வேறோர் இடத்தில் வாழப் பழகிக்கொண்டோம்.

நோயிலிருந்து மீள்பவருக்கும் பழைய இருக்கையை யாராலும் உறுதிசெய்ய முடியாது. அவருக்கு நாம் கடன்பட்டிருப்பது நேர்மையான ஒரு சோதனைக்கு. அதில் தோற்றால், உடம்பு தேறியபின் இன்னொன்றுக்கு. அன்றைய தீர்ப்பு அன்றைக்கு மட்டுமே செல்லும் என்பதை, இருக்கையில் இருப்பவரும் இழந்தவரும் ஒருசேர ஏற்றுக்கொண்டால் தோணி நேராகப் போகும்.